எந்தத் திங்கட்கிழமை

தொண்ணூறுகளில் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதிரிபாகங்களின் இருப்புக் கணக்கு எங்கள் கணினியில் இருந்தது. இங்கே ஒன்றை மாற்றினால் டெலிபோன் லைன் வழியாக கிருஷ்ணகிரி கிடங்கின் கணினியில் இருக்கும் நகலிலும் அது மாற வேண்டும். அங்கே அந்த நகலைப் பார்த்துக்கொண்டவர் கெலமங்கலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கிடங்கில் கன்னடம், என்னோடு தமிழ். எந்த மொழியில் பேசினாலும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் பேசுவார்.

மாற்றம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று தினமும் சரிபார்க்க ஒரு சோதனை நிரல் எழுதியிருந்தேன். பெயருக்கு ஒரு உதிரிபாகத்தை வைத்துக்கொண்டு அதன் இருப்பை நிரல் இங்கே மாற்றும். இரண்டு நிமிடம் கழித்து, கிருஷ்ணகிரி கணினி தன் வேலைகளை வரிசையாக எழுதிவைக்கும் லாகை எடுத்துப் படிக்கும். 'மாற்றம் சேர்ந்தது' என்ற வரி இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்.

மழை பெய்தால் லைன் மெதுவாகிவிடும். மூன்றாவது நிமிடம் வந்து சேரும் மாற்றத்துக்கு இரண்டாவது நிமிடமே ஃபெயில் என்று காட்டும்.

"அண்ணா, உங்க சோதனைய நம்பி நான் மதியச் சோறு திங்க முடியல. எல்லாம் வந்துதான் இருக்குது. சும்மா சும்மா கத்துது" என்பார் கெலமங்கலத்துக்காரர்.

அதனால் வரி கண்ணில் படும்வரை பத்து நிமிடம் திரும்பத் திரும்பத் தேடும்படி மாற்றினேன். முன்பு ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பழைய லாகை அழித்துவிடுவோம். அழித்தால் வேறு கோளாறுகளைத் தேட வழியில்லை என்று அவர் சண்டை போட்டதால் அதையும் நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஃபெயில் வரவில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டினார். பிரிவில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தேன்.

அந்தச் சமயம் என் மகள் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள், திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறுவாள். ஒரு திங்கட்கிழமை அவளை ஏற்றிவிட்டு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கேட்டில் நின்றவர் சொன்னார்: "சார், சூளகிரி தாண்டி ஒரு பஸ் கவுந்துருச்சாம். காலைல கிருஷ்ணகிரி போன வண்டியாம்."

எப்படி மாடியேறினேன் என்று தெரியவில்லை. ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். வார்டன் அம்மா நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்களே. திங்கக்கிழமை, ஏழே முக்கால்னு கையெழுத்து இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீ குடித்தேன். பிறகு கிடங்கு நண்பரை அழைத்து, என் பயத்தை நானே கேலி செய்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏழே முக்காலுக்கா? ஆறரைல இருந்து ரோடு அடைச்சுக் கெடக்குது. ஓசூர் வண்டி ஒண்ணுகூட இங்க வரல. அது எந்தத் திங்கக்கிழமைன்னு கேட்டீங்களாண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டுச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். ஹாஸ்டலிலிருந்து அவரே போன் செய்தார். "அண்ணா, அது போன வாரக் கையெழுத்து. இன்னிக்குப் பக்கமே இன்னும் ஆரம்பிக்கல. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். நீங்க போன விட்டு நகராதீங்க."

அதற்குப் பிறகான நேரத்தைப் பற்றி இன்றும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. மேசைக் கண்ணாடியின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து சீட்டுக்காரர் பின்னால் சொன்னார். பதினொன்றரைக்கு போன் மணி அடித்தது.

"இந்தாங்க, நீங்களே பேசுங்க" என்று நண்பர் யாரிடமோ போனைக் கொடுப்பது கேட்டது.

"அப்பா, நான் பின்னாடி வந்த பஸ்ஸுல இருந்தேன். ரோட்டுலயே நிறுத்திட்டாங்க. கடலக்கா வித்துக்கிட்டு வந்தாங்க, வாங்கித் தின்னுட்டு உக்காந்திருந்தோம். அப்பா? அழுவுறீங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

கவிழ்ந்த பஸ்ஸில் வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் இருந்தார்கள். 

அன்று மதியம் சோதனை நிரல் வழக்கம்போல ஓடி 'பாஸ்' என்றது. அந்தச் சொல்லைப் பார்த்ததும், நண்பர் காலையில் கேட்ட 'எந்தத் திங்கக்கிழமை' ஞாபகம் வந்தது. நண்பரை அழைத்தேன். "லைன் அப்படியே இருக்கட்டும். நகல் எடுக்குற புரோகிராமை மட்டும் நிறுத்துங்க."

"எதுக்குண்ணா?"

"நிறுத்துங்க, சொல்றேன்."

நிறுத்தினார். மறுபடி ஓட்டினேன். எந்த மாற்றமும் அங்கே போக வழியில்லை. ஆனாலும் 'பாஸ்'. முந்தைய நாட்களின் வரி லாகில் அப்படியே கிடந்தது. என் நிரல் அதைப் பார்த்துத்தான் தலையாட்டியிருக்கிறது. இத்தனை வாரமாக என்ன போய்ச் சேர்ந்தது, என்ன சேரவில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அதை அவரிடம் சொன்னேன். வெடித்துச் சிரித்தார். "வார்டன் அம்மா நம்ம மெஷினுக்குள்ளயும் உக்காந்திருக்காங்கண்ணா!"

அந்த வாரமே திருத்தினேன். ஒவ்வொரு சோதனைக்கும் இதுவரை பயன்படுத்தாத ஒரு புது எண்ணை நிரல் அனுப்பும், லாகில் அந்த எண்ணை மட்டும் தேடும். வந்த உடனே பாஸ், பத்து நிமிடத்திலும் வராவிட்டால் ஃபெயில். வாரம் ஒருமுறை அவர் நகலெடுப்பை வேண்டுமென்றே நிறுத்துவார், சோதனை ஃபெயில் காட்டுகிறதா என்று பார்ப்போம். முதல்முறை அது ஃபெயில் காட்டியபோது, "அப்பாடா, இப்பத்தான் நெசம் பேசுது" என்றார். இரண்டு மாதம் கழித்து மழை நாளில் லைன் இழுத்தபோதும் அது வீணாகக் கத்தவில்லை.

மகளுக்கும் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு தொல்லை சேர்ந்தது. ஹாஸ்டலுக்குப் போனதும் போன் செய்து, "சேந்துட்டேன்பா" என்பாள். எனக்கு அது போதாது. அங்கே காலையில் என்ன டிபன் போட்டார்கள் என்று கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ரவா உப்புமா. பாதி கல்லு. இன்னிக்குப் போட்டதுதான், போன வாரத்துது இல்ல. வச்சிடட்டுமா?"

"வச்சிடும்மா" என்பேன்.