ஹவில்தார் துரைராஜ் போட்ட வாபஸ்

ஒரு விடுகதை. சென்னையில் சொன்னால் வழக்கு முடியும். புனேத் தமிழில் சொன்னால் மறுபடி ஆரம்பிக்கும். அது என்ன சொல்?

யோசியுங்கள். முன்னாள் ராணுவத்தினரின் டிசபிலிட்டி பென்ஷன் அப்பீல்களுக்கு நான் மனு எழுத உதவுகிறேன். பாதிப் பேருக்குக் காது கேட்காது. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நமக்குக் கை வலிப்பதில்லை, தொண்டைதான்.

பஞ்சு

புனே கட்கியில் வசிக்கும் ஹவில்தார் துரைராஜ் பீரங்கிப் படையில் இருந்தவர். காது போனதற்கு ராணுவ வேலை காரணமில்லை என்று மருத்துவக் குழு சொன்னதால் அப்பீல் போட்டிருந்தார். தீர்ப்பு மட்டுமே பாக்கி. மனுவில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். தமிழில் உரக்கச் சொன்னேன். 'காதுக்குப் பஞ்சு தரப்படவில்லை' என்ற வரி வந்ததும் கையைத் தூக்கினார். அது வக்கீல் தானாகச் சேர்த்தது. ராணுவ ஸ்டோரில் பஞ்சு தந்தார்களாம்; வைத்தால் சுடும் ஆர்டர் காதில் விழாதென்று இவரே எடுத்துவிட்டாராம். கேஸுக்கு அந்த வரிதான் பலம் என்றேன்.

"இருக்கட்டும் சார். ஸ்டோர்காரன் மேல பழி போட்டு எனக்குப் பென்ஷன் வேணாம்."

விடை

மறுநாள் வக்கீல் ஆபீசில், சென்னையிலிருந்து புதிதாக வந்த ஜூனியர் நித்யாவிடம், அப்பீலை வாபஸ் போடச் சொன்னார் துரைராஜ். இங்கத்திய இந்தியில் 'வாபஸ்' என்றால் 'மறுபடி' என்றும் பொருள்; இங்கத்திய தமிழிலும் அது ஒட்டிக்கொண்டது. அவளோ வழக்கைத் திரும்பப் பெறும் மனுவை அடித்துக்கொண்டு வந்தாள். வாசித்ததைக் கேட்டு அவர் முகம் மாறியது. மூடச் சொல்லவில்லை, அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி போடத்தான் சொன்னேன் என்றார்.

இனி திருத்த முடியாது என்று நித்யா அவர் காதருகே கத்தினாள். திரும்பப் பெறலாம், புதிதாகப் போட அனுமதியும் கேட்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு. அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"அப்ப ரெண்டு வாபஸும் போடும்மா. உன்னுதும், என்னுதும்."

பஸ்ஸில்

அனுமதி கிடைத்தது, கூடவே வழக்குகளின் வரிசையில் கடைசி இடமும் கிடைத்தது. அன்று பள்ளி விடுமுறை என்பதால் பேத்தி தாராவும் வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்து அவர் கோர்ட் படியிறங்குவதை நித்யா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஜெயிக்கிற கேஸைத் திரும்ப வாங்கிட்டு இவ்வளவு நிமிர்ந்து போறவரை இப்பதான் சார் பார்க்கறேன்."

அவருக்கு இடது காதில் மட்டும் கொஞ்சம் கேட்கும். நானும் ஏறிய பஸ்ஸில் அவர்களுக்கு வலப்பக்க சீட் கிடைத்தது. ஜன்னலோரத்தைத் தாராவுக்கு விட்டு நின்றார். அவள் அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு, இடப்பக்கம் உட்கார்ந்தாள்.