முட்டைகளுக்கு வந்த காய்ச்சல்

போன தை மாதம், மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு முட்டைகளுக்குக் காய்ச்சல் கண்டது. நூற்று நான்கு டிகிரி. சிரிக்காதீர்கள். அன்று பொழுது சாயும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஐப்பசியில் என் ஒரே மகள் டைபாய்டு ஜுரத்தில் விழுந்தாள். பதினைந்து வயது. வாரக்கணக்கில் நூற்று மூன்று, நூற்று நான்கு என்றே போய்க்கொண்டிருந்தது. பகலில் கம்பவுண்டர் வந்து அளந்துவிட்டுப் போவார். இரவில் என் கணவர் அளப்பார். தெர்மாமீட்டரைக் கழுவி, இரண்டு உதறு உதறி, அவள் நாக்கின் அடியில் வைத்து எடுத்து என்னிடம் நீட்டுவார். அவருக்கு வெள்ளெழுத்து, அந்த மெல்லிய பாதரசக் கோடு கண்ணுக்குப் பிடிபடாது, படிப்பது மட்டும் என் வேலை. ஆபீஸிலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி "எம்புட்டு?" என்பார். நூற்று மூன்று என்று நான் சொன்னால் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்நாட்களில் வேறு பேச்சே கிடையாது.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஜுரம் விட்ட பிறகும் பெண் திரும்பி வரவில்லை. முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூடத் தோழிகள் பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் வந்தால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முற்றம் பொது. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவளுக்கு ஆனையூரில் பிறந்த வீடு. அங்கிருந்து கொண்டுவந்த சண்டைக்கோழி இனத்துப் பெட்டை ஒன்று முற்றத்து மூலையில் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அதைக் கீரி பிடித்துவிட்டது. மதினி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், என் மகள் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் தானே நடந்து வந்து முட்டைகளைத் தாவணியில் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இன்னும் சூடு இருக்கு" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. அப்புறம் அந்த முட்டைகளுக்காக நான் எதைத்தான் செய்ய மாட்டேன்!

என் கணவர் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் அடைகாக்கும் கோழி வயிறு ஒன்றைக் கட்டி முடித்தார். அடித்தட்டில் அரிக்கேன் விளக்கு, அதன் மேல் தகரம், தகரத்தின் மேல் மணலும் உமியும், அதன் மேல் முட்டைகள். மேல்மூடியில் காற்றுப் போக ஓட்டைகள். இந்த யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மதினி தன் பங்கையும் கொண்டுவந்து ஊற்றினாள். முட்டையின் தலைமாட்டில் நூற்று மூன்று டிகிரி இருக்கவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று புத்தகம் சொன்னதாம். வீட்டில் இருந்தது அந்த ஒரே ஜுர தெர்மாமீட்டர்தான். அதையே முட்டைகளின் மேல் படுக்க வைத்தோம்.

சூடு மட்டும் போதாது, ஈரப்பதமும் வேண்டும். காற்று வறண்டால் ஓட்டுக்கு உள்ளே இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சு மாட்டிக்கொள்ளும் என்றும் அதில் இருந்ததாம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். அது போதுமா என்று அளக்க எங்களிடம் ஒன்றுமில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தது என் மகள்தான். சுட்ட அப்பளத்தில் ஒரு துண்டை ஒடித்து உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் நமுத்து வளையவேண்டும். மொறுமொறுவென்று உடைந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மதினிக்கு இது பெரிய வேடிக்கை. "ஏ மருமகளே, குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள எங்க வீட்டு அப்பளம் அம்புட்டும் தீர்ந்துரும் போலயே!" என்பாள்.

இப்படியே நாட்கள் நல்லபடியாகப் போயின. குஞ்சு பொரிக்க இன்னும் சில நாட்களே இருந்த நேரத்தில், என் கணவருக்கு ஆபீஸ் வேலையாக வெளியூர் முகாம் வந்தது. அன்று காலைதான் அவர் புறப்பட்டுப் போனார். அதுவரை அவர் பார்த்துவந்த அளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எனக்கு எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். பிறக்கப்போகிற உயிர்களுக்கு வைப்பதாயிற்றே என்று, குளிக்கப் போட்டிருந்த வெந்நீரில் தெர்மாமீட்டரை நன்றாகக் கழுவி, சேலை முந்தானையில் துடைத்து, முட்டைகளின் மேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் நூற்று நான்கு.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஓடிப்போய் விளக்குத் திரியைக் குறைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் நூற்று நான்கு. மூடியைத் திறந்து வைத்தேன். நூற்று நான்கு. சாக்கை நனைத்துப் பெட்டியைச் சுற்றிப் போட்டேன். கிண்ணத்துத் தண்ணீரை மாற்றிப் பானைத் தண்ணீர் வைத்தேன். அப்பளம் களியாகிப் போனதே தவிர, நூற்று நான்கு இம்மி அசையவில்லை. கடைசியில் விளக்கையே அணைத்துவிட்டேன். விளக்கில்லாத பெட்டிக்குள் நூற்று நான்கு! முட்டைகளே உள்ளுக்குள் கொதிக்கின்றன என்று முடிவு செய்துகொண்டேன்.

என் மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பாதரசக் கோட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"எனக்கு வந்ததுதாம்மா. எங்கிட்ட இருந்து அதுகளுக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள்.

அவ்வளவுதான். போய்ப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானச் சோறு வேண்டாம் என்றாள். எனக்கு முட்டைகள் போனதுபோல் இல்லை. அவளே இரண்டாவது தடவை போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பனை விசிறியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

மதினி வந்தபோது நான் அந்தக் கோலத்தில்தான் இருந்தேன்.

"என்ன மதினி, முட்டைக்கு விசிறிக்கிட்டு இருக்கீக?"

நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "சில்லுன்னுல்ல கிடக்கு! இதையா கொதிக்குதுங்கிறீக? அந்தக் கண்ணாடிக் குச்சியக் குடுங்க, எனக்கு எம்புட்டு இருக்குன்னு பாப்போம்" என்று வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

எடுத்துப் பார்த்தேன். நூற்று நான்கு.

"ஆத்தாடி!" என்று மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதான் விடிஞ்சதுல இருந்து காலு ஒளையுது. நான் என்னமோ தண்ணி தூக்குனதுன்னு நெனச்சேன்."

அந்த நேரம் அவள் கணவர் மில்லிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். மனைவி தரையில் கிடப்பதைப் பார்த்து அவரும் பதறிப்போய்த் தனக்கும் பார்க்கச் சொன்னார். ஆள் மலைபோல இருப்பார். "அண்ணே, உங்களுக்கும் நூத்தி நாலு" என்றேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சோறு வேணாம், கஞ்சியே வையி. சாயந்தரம் மில்லுக்குப் போகல" என்றார் மனைவியிடம்.

"நான் காய்ச்சல்ல கிடக்கேன், கஞ்சிய எவ வைப்பா? நீங்க எந்திரிச்சு எனக்கு வைங்க!"

"எனக்கு மட்டும் என்ன கொறச்சல்? ஒனக்குள்ள நூத்தி நாலுதான எனக்கும்?"

காய்ச்சல் கண்ட இரண்டு பேரும் தெருவுக்குக் கேட்கிறமாதிரி சண்டை போட்டார்கள். சத்தம் கேட்டு என் மகள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கினாள். நேராகக் குடிதண்ணீர்ப் பானையிடம் போய் அதற்குள் முக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, பானைக்கும் காய்ச்சல்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

அப்போதுதான் எனக்கு என் கணவர் உதறுகிற உதறு ஞாபகம் வந்தது. கழுவியதும் மணிக்கட்டைச் சொடுக்கி இரண்டு உதறு. ஒட்டியிருக்கிற தண்ணீர் போகத்தான் உதறுகிறார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் உதறினேன். ஏறிய பாதரசம் சரசரவென்று அடியில் போய் விழுந்தது. ஜுர தெர்மாமீட்டர் ஏறினால் தானாக இறங்காது, உதறி இறக்கவேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. முட்டைகளுக்கு ஒரு பொழுதும் காய்ச்சல் வரவில்லை. அந்த நூற்று நான்கு, நான் கழுவிய வெந்நீருடையது.

இப்போது பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் பாதரசம் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. காய்ச்சலுக்குப் பயந்து, காலையிலிருந்து நானே அவற்றைக் குளிரப் போட்டிருக்கிறேன். சிரிப்பையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அவசரமாக விளக்கை ஏற்றினோம். அப்போது மதினி, "உசிரு இருக்கான்னு தெரியணும்னா வெதுவெதுப்பான தண்ணியில விட்டுப் பாப்பாக. மெய்யோ பொய்யோ, எங்க ஊர்ல செய்வாக" என்றாள்.

அகலமான வெண்கலச் சட்டியில் தண்ணீர் ஊற்றினோம். இம்முறை உதறி, அளந்து, சூடு சரியாக இருக்கிறதென்று பார்த்துக்கொண்டோம். என் மகள் ஒரு முட்டையை மெதுவாக மிதக்க விட்டாள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். முட்டை ஆடியது.

"ஆடுது! ஆடுது!" என்றேன்.

"மதினி, கைய எடுங்க. உங்க நடுக்கத்துலதான் தண்ணியே ஆடுது" என்றாள் பக்கத்து வீட்டு மதினி.

கையை எடுத்தேன். தண்ணீர் அடங்கிக் கண்ணாடிபோல் நின்றது. முட்டையும் நின்றது. மில்காரர்கூட மூச்சு விடாமல் குனிந்து பார்த்தார். என் மகளின் விரல்கள் என் முழங்கையைப் பற்றி இறுக்கின. நான் முட்டையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் அசைவை நான் தண்ணீரில் காணவில்லை. அவள் கண்ணில் கண்டேன். குனிந்து பார்த்தபோது, யாரோ உள்ளேயிருந்து முழங்கையால் இடிப்பதுபோல் முட்டை ஒரு பக்கமாகத் தலையை ஆட்டியது. மறுபடியும் ஆட்டியது.

அடுத்த சில நாட்கள் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே குடியிருந்தோம். உதறுவதும் வைப்பதும் படிப்பதும் இப்போது என் மகள் வேலை. படித்த எண்ணை முற்றத்துக்குக் கேட்கிறமாதிரி கத்துவாள், மதினி தன் வீட்டுக்குள்ளிருந்து "சரி தாயி!" என்பாள். ஈரப்பதம் கூடினால் மூடியைக் கொஞ்சம் விலக்குவாள், குறைந்தால் துணியை நனைப்பாள், அப்பளம் வளைவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சனிக்கிழமை காலையில் முதல் ஓட்டில் விரிசல் கண்டது. மத்தியானத்துக்குள் ஒன்றே ஒன்று தவிர எல்லாம் பொரிந்து, ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. பெட்டிச் சூடு இறங்கக் கூடாதென்று அவள் மறுபடி அளந்தாள்.

"நூத்தி மூணு!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். "அத்தை, நூத்தி மூணு!"

வாசலில் டிரங்குப் பெட்டி விழுந்த சத்தம் கேட்டது. முகாமிலிருந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் மகள் ஓடினாள். ஆமாம், ஓடினாள். கைக்குள் ஒரு குஞ்சைப் பொத்திக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. இதுகளுக்குத்தான் நூத்தி மூணு. எல்லாம் சௌக்கியம்."

அவர் குஞ்சைப் பார்த்தார். முடி வளர ஆரம்பித்திருந்த அவள் தலையைப் பார்த்தார். இன்றைக்கும் யாராவது அந்த எண்ணைச் சொன்னால் என் கண் முதலில் மகளைத்தான் தேடுகிறது. ஆனால் அவளைக் காண்பதற்குள், அன்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறது:

"நூத்தி மூணா? அப்படியே இருக்கட்டும்மா. கொறைய விட்டுராத!"