ஊருக்கெல்லாம் ஒரே ரெஸ்யூம்

தையல் ஃபாக்டரியில் அவளுக்கு வைத்த பேர் சைரன். அத்தனை மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி, "காலர் இங்கே வரலை!" என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி வரிசையில் இருப்பவள்கூட நிமிர்ந்து உட்காருவாள். லைன் சூப்பர்வைசர் என்றால் சும்மாவா! ஃபாக்டரியை இழுத்து மூடியதும் அந்தக் குரலும் இறங்கிவிட்டது. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவளுக்கு எதற்குச் சத்தம்? அண்ணி தங்கமானவள்தான். ஆனாலும் தட்டில் இன்னொரு கரண்டி கேட்க இவளுக்கு வாய் வரவில்லை.

மெயின் ரோட்டு கம்ப்யூட்டர் கடையில் ரெஸ்யூம் அடித்து வாங்கி, ஏழெட்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல்தான்.

அன்றைக்குப் புதிதாகத் திறந்திருந்த சட்டை ஃபாக்டரிக்குப் போனாள். சூப்பர்வைசர் வேலை ஒன்றே ஒன்று காலி. வரவேற்பில் இருந்த பெண் ரெஸ்யூமை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிக்கிறே?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. இதைப் பாருங்க."

ஒரு கட்டுத் தாள். எல்லாவற்றிலும் அதே நீலக் கரை, அதே முதல் வரி: 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.' எல்லாருக்கும் பொழுதுபோக்கு செஸ். மூடின ஃபாக்டரி ஜனம் மொத்தமும் அந்தக் கடைக்குத்தான் போயிருக்கிறது! பேரை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறான், படுபாவி. செஸ் காயைக் கையால் தொட்டதுகூட இல்லை இவள்.

அவமானத்தில் காது சுட்டது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"அதைக் கொடு இப்படி. ஒரு வெள்ளைத் தாள் இருக்கா?"

செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணிக்கு போன் போட்டாள். "நானே எழுதப் போறேன். எதை எழுதட்டும் அண்ணி?"

"எதை வேணா எழுது. அந்தப் பழைய மேனேஜர் சண்டையை மட்டும் எழுதித் தொலைச்சிடாதே, தாயே!"

அதைத்தான் முதலில் எழுதினாள். ட்யூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த சட்டையை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தது, உடம்பு ஒரு நீலமும் கை வேறு நீலமுமாக இருந்தது, மேனேஜர் "ஓட்டு, ஓட்டு" என்று கத்தியும் லைனை நிறுத்தினது, வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம். பிறகு என்னென்ன மெஷின் தெரியும், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாள், போன் நம்பர். அவ்வளவுதான். செஸ்ஸுக்கு இடமில்லை.

மறுநாளே கூப்பிட்டார்கள். புது மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கேயும் லைனை நிறுத்துவீங்களா?"

'மாட்டேன் சார்' என்று சொல்லிவிட்டால் வேலை கைக்கு வந்த மாதிரிதான் என்று தோன்றியது. அண்ணன் வீட்டுத் தட்டு கண்முன்னே வந்து நின்றது.

"தப்பா ஓடினா நிறுத்துவேன் சார். நீங்க கத்தினாலும் நிறுத்துவேன்."

அவர் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

"நான் கொஞ்சம் கத்துற ஆளுதான். பொறுத்துக்குங்க. திங்கட்கிழமை வந்துடுங்க."

தெருமுனையிலிருந்தே ஒரு குரல் கொடுத்தாள்: "அண்ணீ!"

நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்த அண்ணி, "அம்மாடி, வந்துடுச்சு சைரன்!" என்று சொல்லி அழுதேவிட்டாள்.