மச்சாள் உட்கார்ந்த கதிரை

கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவனுக்குக் கலியாண வீடும் செத்த வீடும் ஒன்றுதான். சோறு பிந்தினாலும் மழை வந்தாலும் ஏச்சு அவனுக்கு. இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு முதல் அநியாயம் செய்தது வெளியாள் இல்லை. என் பெண்சாதியின் அக்கா, பிலோமினா மச்சாள்.

முன்வரிசை

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போவதில் கெடுபிடி குறைந்ததும், எங்கள் கரையில் கலியாணங்கள் பெருத்தன. அப்படி ஒரு கலியாணத்தில் முன்வரிசைக்கு என் மரக் கதிரைகளைப் போட்டிருந்தேன். மச்சாள் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ" என்றார். அதற்குப் பிறகு எழும்ப முடியவில்லை.

கதிரையைப் புரட்டிப் பார்த்தேன். கால் ஆடவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு வீட்டாரும் கேட்க மச்சாள் சத்தம் போட்டார்: "அந்தோனிட கதிரை என்ட முதுக முறிச்சிப்போட்டுது!"

டொக்டர் சொன்னது

ஊரில் பாதிப் பேர் அதோடு என்னை விட்டுச் சிலாபம் டவுனிலிருந்து கதிரை எடுக்கத் தொடங்கினார்கள். நான் அந்தக் கதிரையின் அடியில் சிவப்புப் பெயின்றால் ஒரு புள்ளி வைத்து, தனியாக எடுத்து வைத்தேன்.

மச்சாளை எக்ஸ்ரே படம் எடுக்கக் கூட்டிப்போனதும் நான்தான். எலும்பு மெலிந்து கிடக்கிறது, சும்மா உட்கார்ந்தாலே முள்ளந்தண்டு நசுங்கும் என்று டொக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன். வெளியே வந்ததும் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "டொக்டருக்கு உன்ட கதிரையத் தெரியாது."

நஸ்ரினா மிஸ்

எலும்பு மெலிந்த பெண்களுக்குக் கோயில் மண்டபத்தில் உடற்பயிற்சி வகுப்பு வைக்கப் பக்கத்து ஊர் கனமூலையிலிருந்து நஸ்ரினா மிஸ் வந்தார். முதலில் பிளாஸ்டிக் கதிரைகளைத்தான் கொண்டுபோனேன். மிஸ் ஒன்றை ஒரு விரலால் தள்ளினார். அது சுவர் வரைக்கும் வழுக்கிப் போனது.

மரக் கதிரைகளை இறக்கினேன். மிஸ் தானே ஏறி உட்கார்ந்து, எழும்பி, அசைத்துப் பார்த்தார். மச்சாளின் காதில் விழும்படி சொன்னார்: "அங்கிள், இதுதான் கதிரை. இது ஆளை விழுத்தாது."

சிவப்புப் புள்ளி வைத்ததை மச்சாளுக்குப் போட்டேன். ஒவ்வொரு வகுப்பிலும் அதையே போட்டேன்.

உப்புப் பைக்கற்று

பாரம் தூக்க மிஸ் உப்புப் பைக்கற்றுகளைக் கொடுத்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்கவும் வைத்தார். குனிய மட்டும் விடமாட்டார். நுரைச்சோலையிலிருந்து வகுப்புக்கு வரும் வெரோனிக்கா அக்கா, உப்பைத் தூக்கவா பஸ் ஏறி வந்தேன் என்று முணுமுணுத்தார். அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

சில மாதம் போன பிறகு அவர் தனியாக வந்து இறங்கினார். எப்படி ஏறினீர்கள் என்று கேட்டேன். "கண்டக்டர் பொடியன் கைய நீட்டுறான். கைய எடுடா, டிக்கெட்டத் தா எண்டன்."

எழும்பிய நாள்

மச்சாள் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பூசைக்குப் போவதையே விட்டிருந்தார். வகுப்பிலும் தொடையில் கையை ஊன்றாமல் எழும்ப வராது. "எலும்பு கெதியா பழையபடி திரும்பாது, உம்மா. கால் பலமானா விழ மாட்டீங்க" என்று மிஸ் விடாமல் சொன்னார். மச்சாளும் பயிற்சியை விடவில்லை.

ஒரு நாள் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, முதுகை வளைக்காமல், எழும்பி நின்றார். மெதுவாக உட்கார்ந்து, திரும்பவும் எழும்பினார். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். பிறகு கதிரையைப் புரட்டிச் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். "மச்சாள், இது அண்டைக்கு நீங்க இருந்த அதே கதிரை."

இவ்வளவு காலமும் நான் காத்திருந்தது இந்த நிமிசத்துக்குத்தான். மச்சாள் புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் நாளே தெரியும், அந்தோனி. என்ட முதுக முறிச்ச கதிரையில இருந்துதானே நான் எழும்பிக் காட்டோணும்!"

இப்போது மச்சாள் பூசைக்குத் தனியாக நடந்து போகிறார், கலியாண வீடுகளில் என் மரக் கதிரையைத்தான் கேட்டு வாங்கி உட்காருகிறார், ஆனால் கதிரையில் பிழையில்லை என்ற அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.