நான்கு வயதில் தொட்ட காது

நான் ஐந்தாவதோடு நின்றவள். கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் நானும் ஒரு சோடி. மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை வரப்பில் உட்கார வைத்துவிட்டு வெட்டுவேன். காய்ந்த கரும்புச் சோகைக்குள் பாம்பு கிடக்குமோ, டிராக்டர் பின்னால் வந்துவிடுமோ என்று கத்தியைவிட அவள்மேல்தான் கண் இருக்கும். அந்தப் பயத்தில்தான் ஒரு வருடம் முந்தியே பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன்.

"வயசு இன்னாம்மா?" என்றார் பெரிய வாத்தியார்.

"அஞ்சு முடிஞ்சிடுச்சிங்க."

வீட்டில் பிறந்த பிள்ளை, பிறப்புச் சீட்டு கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். ஐந்து ஆகாத பிள்ளைக்கு எட்டாது என்பார்கள். என் மகள் தோளை ஒரு தினுசாக மடக்கி, காதைப் பிடித்து இழுத்தே விட்டாள்.

"அடேங்கப்பா! பிச்சிக்கினு வந்துடப்போவுது, வுடு பாப்பா." சிரித்துக்கொண்டே ஒரு பிறந்த தேதியை எழுதினார். எனக்கு உயிர் வந்தது.

அந்தத் தோளைத்தான் ஆறாம் வகுப்பில் விளையாட்டு டீச்சர் கண்டுபிடித்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றார். வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பரப்பிப் பல்டி பழக்கினார். வீட்டில் செங்கல் அடுக்கி, பீம் என்கிற நடைக்கட்டைக்குப் பதிலாக நான்கு விரல் அகலப் பலகை ஒன்றைப் போட்டோம். விடியுமுன் அதில் ஏறிவிடுவாள். உள்ளங்கை என் கையைவிடக் காய்த்துப்போனது. கல்வராயன் மலைப்பக்கம் வானம் கருத்தால், பலகை நனைந்து வழுக்குமே, கழுத்து முறியுமே என்று பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வேன்.

"நீ பாக்காத யம்மா. நீ பாத்தாதான் வுழறேன்" என்பாள்.

மாவட்டத்தில் முதல், மாநிலத்தில் இரண்டாவது. தேசியப் போட்டிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் எடுத்தார்கள். அதுவரை டீச்சர் என்னைக் கேட்டுத்தான் வயது எழுதினார். நானும் உண்மையைச் சொல்லியிருந்தேன். போட்டிக்குப் போன இடத்தில், சென்னையில், பள்ளிச் சான்றிதழைக் கேட்டார்கள். அதில் பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"பதினொண்ணுதாங்க. பள்ளிக்கூடத்துல சேக்க நான்தாங்க ஒண்ணு கூட்டிச் சொன்னேன்" என்று சான்றிதழ் பார்த்த மேசைக்காரரைக் கும்பிட்டேன்.

"இங்க வர்ற எல்லா அம்மாவும் கம்மியாத்தான் சொல்றாங்க. போங்கம்மா."

மகள் வெளியே மைதானத்தில் காலை விரித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "பெரிய வாத்தியாரு தப்பா எழுதிட்டாரா யம்மா?"

"ஆமா" என்றேன்.

அடுத்த வருடம் பெரிய பிள்ளைகள் பிரிவில் நின்றாள். நிஜமான பீமில் சின்ன வயதிலிருந்தே பழகிய பெண்கள் அவர்கள். இரண்டு முறை விழுந்தாள், கடைசி இடம். டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார். மகள் இன்னும் விடியுமுன் பலகையில் ஏறுகிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு அந்தத் தேதிக்குப் போய் நிற்கும்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பெரிய வாத்தியார் எதிரே வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. "பாப்பா நல்லா வளந்துடுச்சே" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.