ஆறிதழ் நீலப்பூத் தட்டு

நினைவு தானாகப் பூசிக்கொள்ளும் வண்ணங்களை நான் நம்புவதில்லை. ஆதலால் என் கண்ணால் கண்டதையும் அம்மா பிற்காலத்தில் உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்களோடு நாங்கள் குடியிருந்த "வளவில்", நோன்புப் பெருநாளன்று அடுத்த வீட்டு ஜொகரா சாச்சி ஆவி பறக்கும் நெய்ச்சோற்றைப் பீங்கான் தட்டொன்றில் கொடுத்தனுப்பினார். வெண்மையில் ஆறிதழ் நீலப்பூக்கள் வளையமிட்ட அத்தட்டு, மகளின் சீருக்கென அவர் பொத்திவைத்திருந்த ஆறில் ஒன்று. பெருநாள் என்பதால் வெளியே வந்தது. அயல்வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்புவது எங்கள் வளவில் வழக்கமன்று. வெள்ளிக்கிழமை அதிரசம் சுட்டு நிறைத்தனுப்பலாமென்று அம்மா இருக்கையில், நாகலாபுரத்தில் பெரியப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் ஓராண்டுக்குப் பலகாரம் கிடையாது. அங்கிருந்து பிறர் வீட்டுக்குப் பண்டம் போவதுமில்லை. தட்டு எங்கள் அலமாரியிலேயே தங்கிற்று.

ஆவணியில் சாச்சியின் மகளுக்குத் திருமணம் உறுதியாயிற்று.

"என்ன மைனி, எந்தட்டுக்கு ஒங்க வீட்டுலயே மாப்பிள பாத்துட்டியளா?" என்று குழாயடியில் சாச்சி சிரித்தார்.

"வெறுந்தட்டா எப்பிடிக் குடுக்கன்னுதான் வச்சிருந்தேன். நாளைக்கே தாரேன்" என்றார் அம்மா.

அன்று மாலை அதைக் கழுவியவள் நான். தொட்டி விளிம்பில் இடித்து, தட்டு இரண்டாயிற்று.

"ஏட்டி, எம் மானத்த ஒடச்சிட்டியே" என்ற அம்மா என்னை அடிக்கவில்லை.

கோவில்பட்டிக் கடைகளை ஏறி இறங்கினோம். "இந்தப் பூவு இப்ப வாரதில்ல அக்கா, கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். ரோசாப்பூ இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார் ஒரு கடைக்காரர். கடைசியில் கழுகுமலையில் ஐந்திதழ் நீலப்பூத் தட்டொன்று அகப்பட்டது. அம்மா உடைந்ததைச் சொல்லாமலே அதைக் கொடுத்தார். சாச்சி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் மைனி" என்றார்.

அடுத்த பெருநாள், எங்கள் துக்க ஆண்டு முடியச் சில நாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. நெய்ச்சோறும் வந்தது, வாழையிலையில் பொதிந்து. இலையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பின்னர் எங்களுக்கிடையே எந்தத் தட்டும் போகவுமில்லை, வரவுமில்லை.

இன்று அந்த வளவு இல்லை, அம்மாவும் இல்லை, சாச்சி குடும்பம் எவ்வூரில் இருக்கிறதென்று சொல்வாரும் இல்லை. உற்பத்தி நின்றுபோன பூத்தட்டுகளைப் பழைய கடைகளில் தேடித் தேடிப் பதினேழு சேர்த்திருக்கிறேன். ஆறிதழ் நீலம் அவற்றில் இல்லை.

துக்க வீட்டுக்குப் பாரம் வேண்டாமென்று சாச்சி இலையில் அனுப்பினாரா, இவ்வீட்டை நம்பி இனித் தட்டுத் தரலாகாதென்று அனுப்பினாரா என்பதை அம்மா கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.