குருசடியில் வைத்த உளி

நான் ஒரு மனிதரின் வாயை உடைத்திருக்கிறேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் எங்கள் ஊருக்கு ரயில் விட்ட காலத்தில் லண்டனில் ஆலோசனை இன்ஜினீயர்களை அமர்த்தினானாம். எங்கள் துறைமுக அலுவலக அதிகாரிக்கும் அந்த ஆசை வந்து மெட்ராஸிலிருந்து ஒருவரை அமர்த்தினார். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். கடற்கரைக்காரன் என்பதால் அவருக்குத் துணையாகவும் என்னையே அனுப்பினார்கள்.

பாதைக்கு உயர மட்டம் அளக்க அசையாத கல் ஒன்று வேண்டும் என்றார் இன்ஜினீயர். வெள்ளைக்காரனின் பழைய வரைபடத்தில் எங்கள் தெருவில் சிலுவை நிற்கும் குருசடியின் பீடத்தில் ஒரு மட்டக் குறி காட்டியிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் உப்புக்காற்றில் அது தேய்ந்து கிடந்தது. "அதுக்கென்ன சார், திரும்பக் கொத்திக்கிடலாம்" என்றேன். கடலில் போய் உடல் கரைசேராதவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் வீட்டார் அந்தப் பீடத்தில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அது தெரிந்தும் சொன்னேன். நாலு எழுத்துப் படித்த திமிர், வேறென்ன.

அவர் உளியை வைத்து இரண்டு தட்டுதான் தட்டியிருப்பார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். முதல் அடி துடுப்பால் தோளில் விழுந்தது. அப்புறம் யார் மிதித்தார்கள், யார் குத்தினார்கள் என்று கணக்கே இல்லை. அவர் குப்புற விழுந்து மண்ணைக் கடித்தார்.

என் சித்தப்பா அவர் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினார். சித்தப்பாவின் மகன் முந்தின வருஷம் கடலோடு போனவன்.

"ஏலே, எம் புள்ளைக்கு மெழுகுதிரி ஏத்துற எடத்துல உளி வைக்கச் சொன்னது எவம்ல? சொல்லுதியா, இங்கனயே கொன்னு போடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என் பேர் வரப்போகிறது என்று நினைத்தேன். கீழே கிடந்த அவருடைய மர அளவுகோலை எடுத்து அந்த வாயிலேயே ஓங்கி அடித்தேன். இரண்டு பற்கள் மணலில் விழுந்தன.

"அடிச்சான் பாரு நம்ம பய!" என்று யாரோ கத்தினார்கள். அது எனக்கு இனித்தது. அடித்ததைவிட அந்த இனிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரால் பேச முடியவில்லை. போலீஸ்காரர் தாளும் பேனாவும் கொடுத்தார். "அந்த இடத்தைத் தேர்ந்தது நான்தான். யாரும் சொல்லவில்லை. அடித்தவர்களின் முகம் தெரியாது" என்று எழுதினார்.

அலுவலக ஆள் என்று கட்டிலருகே நின்றவன் நான் ஒருவன்தான். போலீஸ்காரர் என்னிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டார். போட்டேன்.